சிறுவாச்சூரிலிருந்து அரியலூருக்கு, நடந்தே

"வண்டி ரிப்பேருங்களா சார்?"

மூணு நாளில் இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ண ஆரம்பித்து, இருபதுக்கு மேல் விட்டுவிட்டேன். ரெண்டு பேர் பைக்கை நிறுத்தி, "ஒருத்தர் ஒருத்தரா கொண்டு விடட்டுமா?" என்றார்கள். ஒரு மினி பஸ் கண்டக்டர் காசே வேண்டாம், ஏறுங்க என்றார். எங்க ஊர்ப்பக்கத்து ஜனங்களின் நல்ல மனசுக்கு இது சாட்சி. ஆனால் "சும்மா நடக்கறோங்க" என்று சொன்னதும் எல்லார் முகமும் ஒரே மாதிரி மாறியது. புருஷன் பெண்டாட்டி, நாற்பது தாண்டின வயசு, முதுகில் பை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ, ரோட்டோரமா நடை. சும்மாவா? அதெப்படி சும்மா?

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். பல வருஷம் முன்னாடி ஆபீஸ் வேலையா மான்செஸ்டரில் சில மாதம் இருந்தேன். ஒரு சனிக்கிழமை பக்கத்து மலைப்பகுதியில் ஈடேல் என்கிற சின்ன ஊருக்கு ரயிலில் போனேன். ஸ்டேஷனில் என்கூட இறங்கினதில் முக்கால்வாசி ஜோடிகள். அதிலும் அறுபது, எழுபது வயசு ஜோடிகள். கையில் குச்சி, கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் மேப், பையில் சாண்ட்விச்சும் பிளாஸ்க்கும். ஒரு தாத்தா பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். ரெண்டு வாரம் லீவு, தினமும் பத்துப் பன்னிரண்டு மைல் நடை, ராத்திரிக்கு வழியில் ஏதாவது ஒரு வீட்டில் தங்கல். "எங்கே போறீங்க?" என்றேன். பாட்டி வடக்குப் பக்கமா கையைக் காட்டினார். பென்னைன் வே என்ற அந்தப் பாதை ஈடேலில் தொடங்கி, 268 மைல் தாண்டி ஸ்காட்லாந்து எல்லைக்குள் கிர்க் யெட்ஹோம் என்ற ஊரில் முடிகிறது.

வெள்ளைக்காரனுக்கு வேலை வெட்டி இல்லை என்றுதான் அன்னைக்கு நினைத்தேன். படித்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் பாதை ஒண்ணும் அவர்களுக்குச் சும்மா கிடைக்கவில்லை. ஈடேலுக்கு மேலே இருக்கும் கிண்டர் ஸ்கௌட் மேட்டு நிலம் பணக்காரர்கள் பறவை வேட்டையாடுவதற்காக வேலி போட்டு வைத்திருந்த இடம். 1932 ஏப்ரல் 24-ஆம் தேதி, மான்செஸ்டர் பக்கத்து மில் தொழிலாளிகளும் வேலையில்லாத இளைஞர்களும் சில நூறு பேர் அதற்குள் கும்பலாக அத்துமீறி நடந்தார்கள். பென்னி ராத்மன் என்ற இளைஞர் முன்னின்றார். காவல்காரர்களோடு கைகலப்பு, ஐந்து பேருக்கு ஜெயில். குற்றம் என்னவோ கலவரம்தான். ஆனால் விஷயம், ஞாயித்துக்கிழமை காலாற நடக்க ஓர் இடம் வேணும் என்பது. 1949-ல் அதற்கென்று ஒரு சட்டமே வந்தது. எந்தெந்த வயல் நடுவே, எந்தெந்தப் பண்ணை வழியே ஜனங்கள் நடக்கலாம் என்று கவுண்டி வாரியாக வரைபடம் போடச் சொன்ன சட்டம். பென்னைன் வே முழுசாகத் திறந்தது 1965-ல், அதே ஏப்ரல் 24-ஆம் தேதி. இன்றைக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிப்பட்ட பொதுவழிகள் சுமார் 2 லட்சத்து 25 ஆயிரம் கிலோமீட்டர்.

நமக்கும் பாதைகள் உண்டு. கிராம வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், வண்டிப்பாதை, நடைபாதை என்று கோடு கோடாகப் போட்டிருக்கும். நிலத்தில் போய்த் தேடினால் பாதி இருக்காது. சரி, இருக்கிற பாதையிலாவது நடப்போம் என்று தங்கமணியிடம் சொன்னேன். "இங்கிலாந்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுவீங்கன்னு பாத்தா, பெரம்பலூருக்கா?" என்றாள் :-)

பெரம்பலூருக்குத்தான். காரணம் என் அப்பா வழி ஊர் அரியலூர் பக்கம் என்பது மட்டும் இல்லை. இந்த ரெண்டு ஊருக்கும் நடுவே, நடந்தும் மாட்டுவண்டியிலும் வருஷக்கணக்காக அலைந்த ஒரு தம்பதி உண்டு. வேங்கடசுப்பையர், சரஸ்வதி அம்மாள். பேரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. அவங்க பிள்ளை பேரைச் சொன்னால் தெரியும்: உ.வே.சாமிநாதையர்.

தை மாசம், பொங்கல் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை சிறுவாச்சூரில் ஆரம்பித்தோம். வெள்ளிக்கிழமைக்குக் காரணம் உண்டு. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும் (விசேஷ நாட்கள் தனி). மத்த நாளில் அம்மன் பக்கத்தில் பெரியசாமி மலையில் இருப்பதாக ஐதீகம். இந்த ஊரின் மூலக்காரி செல்லியம்மன். ஒரு மந்திரவாதியிடம் மாட்டிக்கொண்டு கஷ்டப்பட்டாள். வெளியூரிலிருந்து நடந்து வந்த ஒரு பெண் ராத்தங்கல் கேட்டு வந்தாள், மந்திரவாதியை ஒழித்தாள். செல்லி ஊரை இவளிடம் ஒப்படைத்துவிட்டு மலைக்குப் போனாள். இது ஊர்க் கதை. அப்படி ராத்தங்க இடம் கேட்டு வந்தவள் யார் என்பதற்கு இன்னொரு கதை: மதுரையை எரித்த கண்ணகி, கோபம் தணியாமல் நடந்து நடந்து கடைசியில் இங்கே வந்துதான் ஆறினாள், அதனால்தான் 'மதுர' காளி. சரித்திர ஆதாரமெல்லாம் கேட்கக்கூடாது. சிலப்பதிகாரத்தில் அவள் போனது மேற்கே, சேர நாட்டு மலைக்கு. ஆனால் தனியாக நடந்து வந்த ஒரு பெண்ணுக்கு ஓர் ஊர் ராத்தங்க இடம் கொடுத்து, அப்புறம் ஊரையே கொடுத்தது என்ற கதை எனக்குப் பிடித்திருக்கிறது.

தமிழில் நீண்ட தூரம் நடந்த தம்பதி என்றால் முதலில் வருவது கோவலனும் கண்ணகியும்தானே. பூம்புகாரிலிருந்து விடிவதற்கு முன்னால், யாரிடமும் சொல்லாமல், கிளம்புகிறார்கள். கையில் இருப்பது சிலம்பு மட்டும். காவிரியின் வடகரையோடு மேற்கே நடை. இன்றைய அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லை கொள்ளிடம். அதைத் தாண்டினால் அவர்கள் நடந்த காவிரிப் பக்கம். ஒரு காவதம் போனதுமே கண்ணகிக்கு மூச்சு வாங்குகிறது. மதுரை எங்கே இருக்கு என்று கேட்கிறாள். கோவலன் சிரித்துக்கொண்டே சொல்லும் பதிலில் இளங்கோவடிகள் ஒரு வேலை செய்திருக்கிறார். 'ஆறைந்து காதம்' என்கிறான். ஆறு ஐந்து முப்பது என்றும் எடுத்துக்கலாம். ஆறோ அஞ்சோ காதம்தான், கிட்டத்தான் என்றும் காதில் விழலாம். புகார் செல்வக் குடும்பத்துப் பெண், வாசலைத் தாண்டி நடந்தே பழக்கமில்லாதவள். பாவம், அவனுக்கும் நெஞ்சு பொறுத்திருக்காது. பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை.

சிறுவாச்சூரிலிருந்து பெரம்பலூர் எட்டு கிலோமீட்டர் இருக்கும். முதல் நாள் அவ்வளவுதான் திட்டம். நாலாவது கிலோமீட்டரில் தங்கமணி கேட்டாள், "ஏங்க, இன்னும் எவ்வளவு?" நான், "ரெண்டுதான்." ரெண்டு முடிந்து கேட்டாள். "இதோ, ஒண்ணரை." அப்போதே அவள் போனை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அது எனக்கே பிற்பாடுதான் உறைத்தது.

நெடுஞ்சாலையை ஒட்டி நடப்பது சுகமில்லை. திருச்சி-சென்னை நாலுவழிச் சாலை, லாரி போனால் ஆளே ஆடும். ஆனால் இந்த ரோடு பார்த்த நடையெல்லாம் பெரிசு. பெரம்பலூருக்கு வடக்கே வாலிகண்டபுரம், ரஞ்சன்குடி கோட்டை. 1751-ல் அங்கே சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பக்கம், முகமது அலியும் ஆங்கிலேயர்களும் மறுபக்கம் மோதி, ஆங்கிலேயப் படை தெற்கே ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கியது. அதில் அப்போது பேர் வாங்காத ஒரு வாலிபரும் இருந்தார், ராபர்ட் கிளைவ். படை, சந்தை, யாத்திரை, பஞ்சம். எல்லாத்துக்கும் ஜனங்கள் நடந்திருக்கிறார்கள். சும்மா நடந்தவர் பேர் ஒண்ணும் கண்ணில் படவில்லை.

ரெண்டாம் நாள் விடிகாலை பெரம்பலூரிலிருந்து கிழக்கே, செங்குணம் பக்கம். என் சரித்திரத்தில் உ.வே.சா. 'செங்கணம்' என்று எழுதும் ஊர். இனி கதைக்கு வருகிறேன்.

வேங்கடசுப்பையர் சங்கீதக்காரர். உடையார்பாளையம் ஜமீன் வித்துவானாக இருந்த கனம் கிருஷ்ணையர் அவருக்கு உறவு, குருவும் கூட. அரியலூர் ஜமீனில் ஆதரவு இருந்தவரைக்கும் குடும்பம் அரியலூரில் இருந்தது. ஜமீன் நொடித்ததும் வருமானம் போயிற்று. அப்புறம் அவர் செய்தது ஊர் ஊராகப் போய் ராமாயணக் கதை சொல்வதும் பாடுவதும். ஓர் ஊரில் ஆரம்பித்தால் சில மாதம் தங்கி முடிப்பார். ஊர்க்காரர்கள் இருக்க வீடும் தானியமும் கொடுப்பார்கள். முடிந்ததும் அடுத்த ஊர்.

இதுக்குள் இன்னொரு கணக்கும் சேர்ந்தது. 1855-ல் பிறந்த பையனுக்குத் தமிழ்ப் பைத்தியம். இங்கிலீஷ் படிச்சா இகத்துக்கு, சமஸ்கிருதம் படிச்சா பரத்துக்கு என்று உலகம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், இவன் தமிழ்தான் வேணும் என்றான். அதைச் சொல்லிக் கொடுக்க ஒரே ஊரில் ஆள் கிடைக்கவில்லை. அரியலூரில் சடகோபையங்கார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை. கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை. வாத்தியார் இருக்கும் ஊருக்குக் குடும்பமே மாறியது. அப்பாவின் கச்சேரிக்கு ஊர் தேடினார்களா, பையனின் பாடத்துக்கு ஊர் தேடினார்களா என்று பிரிக்க முடியாத அலைச்சல். 1868-ல் பையனுக்குக் கல்யாணமும் ஆனது, பதின்மூணு வயசில். 1871-ல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்த பிறகுதான் இந்தப் பக்கத்துச் சுற்றல் ஓய்ந்தது.

யோசித்துப் பாருங்கள். ரெட்டியார் பெரிய பண்டிதர், கிராமத்தில் விவசாயம் பார்த்துக்கொண்டு காரிகை சொல்லிக் கொடுத்தவர். அவர் ஜாதி வேற, இவங்க ஜாதி வேற. சிதம்பரம் பிள்ளை குன்னத்து ஆள். இந்த வறண்ட கரிசலுக்குள், ஒரு ஊரில் நன்னூல், ஒரு ஊரில் காரிகை என்று தமிழ் இலக்கணம் சிதறிக் கிடந்திருக்கிறது. பல்கலைக்கழகமெல்லாம் பிற்பாடு. அப்போது அதைச் சேர்த்தது ஒரு குடும்பத்தின் கால்.

செங்குணம் பக்கம் இறங்கியதும் லாரிச் சத்தம் அடங்கியது. ரெண்டு பக்கமும் மக்காச்சோளமும் பருத்தியும். நல்ல காத்து. நான் ஜோராக உ.வே.சா. புராணம் சொல்லிக்கொண்டே நடந்தேன். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் தங்கமணி நூறு அடி பின்னால், ரோட்டோரம் எதையோ பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்ப நடந்து போனேன்.

சுமைதாங்கி. ரெண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் குறுக்கே. தலைச்சுமையோடு வருகிறவர் யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைக்க, திரும்ப ஏத்திக்கொள்ள, தலை உயரத்துக்குச் செய்வது. ரோட்டை உசத்தி உசத்தி இப்போது இடுப்பு உயரத்துக்குத்தான் இருந்தது. யாரோ அதன்மேல் ஒரு பீடி கட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"இது யாருக்கு வச்சது தெரியுமா?" என்றாள். எனக்குத் தெரியும். பிள்ளை வயித்தோடு செத்துப்போன பொம்பளைக்கு வைப்பார்கள். இறக்காமலே போன சுமை. மத்தவங்க சுமையை இறக்கி வைத்தால் அவளுக்கு ஆறும் என்று நம்பிக்கை. சில கல்லில் பேர் வெட்டியிருக்கும். இதில் இல்லை, அல்லது மண்ணுக்குள் போன பாகத்தில் இருக்கிறதோ என்னவோ. ராணி மங்கம்மாள் ரோடு போட்டாள், சத்திரம் கட்டினாள், மரம் வைத்தாள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். நடக்கிறவருக்கு என்று இந்தப் பக்கம் நான் கண்ணால் பார்த்த ஒரே ஏற்பாடு இந்தக் கல்தான்.

அடுத்த டீக்கடையில் ஒரு அப்பாயி உட்கார்ந்திருந்தார். எண்பது இருக்கும். எங்களைப் பார்த்தார் என்பதைவிட எங்கள் காலைப் பார்த்தார். தங்கமணியின் ஷூவையே பார்த்துவிட்டு, "என்ன வேண்டுதல்?" என்றார். வண்டி ரிப்பேரா என்று கேட்காத முதல் ஆள்!

"வேண்டுதல் இல்ல அப்பாயி, சும்மா."

"சும்மா யாராச்சும் நடப்பாங்களா. சொல்லப்படாதுன்னா சொல்லாத." அப்புறம் அவரே ஆரம்பித்தார். "நாங்களுந்தான் நடந்திருக்கோம். வருசா வருசம் சமயபுரத்துக்கு. மஞ்சத்துணி கட்டிக்கிட்டு ராவோட ராவா போவம். அவரு முன்னால போயிருவாரு. நா பைய போவேன். எங்கனயாச்சும் ஒரு மரத்தடியில ஒக்காந்திருப்பாரு, அத வச்சித்தான் நான் எடங் கண்டுக்கிறது."

"தாத்தா இப்ப?"

"இப்பவும் முன்னால போயிட்டாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டீக்குக் காசு கொடுக்க விடவில்லை. சமயபுரத்துக்கு வேண்டுதல் முடித்து வருகிறவங்களுக்குக் கொடுப்பது மாதிரியாம். அங்கே மாரியம்மனே மாசி கடைசி ஞாயிறில் தொடங்கி 28 நாள் பச்சைப் பட்டினி கிடப்பாள், ஜனங்களுக்காக. சாமி விரதம் இருக்கும் ஊருக்கு ஜனங்கள் நடந்து போவது நியாயம்தான். பெரம்பலூர், அரியலூர் பக்கத்து கிராமத்துத் தம்பதிகளுக்கு இந்த நடைதான் வருஷத்தில் ஒருதரம் வீட்டைப் பூட்டிவிட்டுச் சேர்ந்து போகிற வெளியூர்ப் பயணமாக இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். வேண்டுதல் என்று ஒரு பேர் வைத்துக்கொண்டால் சும்மா நடக்கலாம். வெள்ளைக்காரர்கள் சட்டம் போட்டு வாங்கியதை நம்மாட்கள் மாரியாத்தா பேரைச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள்.

கடையை விட்டு எழுந்து கொஞ்ச தூரம் போனதும் தங்கமணி சொன்னாள்.

"நேத்துலேர்ந்து நானும் உங்க முதுகைத்தான் பாத்துக்கிட்டு வர்றேன்."

எனக்குப் பதில் வரவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். அந்த அம்மா, சரஸ்வதி அம்மாள். அரியலூர்ல ஒரு அடுப்பு. குன்னத்துல ஒண்ணு. கார்குடியில ஒண்ணு. செங்குணத்துல ஒண்ணு. பாத்திரத்தை எடுத்து வச்சு, தண்ணி எங்கன்னு பாத்து, பக்கத்து வீட்டோட பழகறதுக்குள்ள அடுத்த ஊர். அவங்க நடந்தது யாரு சரித்திரம்?"

என் சரித்திரத்தை நான் மூணு தரம் படித்திருக்கிறேன். 1940-ல் ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பித்து, 1942-ல் உ.வே.சா. காலமானபோது முடியாமலே நின்றுபோனது. அம்மாவிடம் அவருக்கு இருந்த பாசத்தில் குறை சொல்ல யாராலும் முடியாது, உருகி எழுதியவர்தான். ஆனால் ஊர் மாறும் இடங்களிலெல்லாம் நான் வாத்தியார் பேரைத்தான் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். அடுப்பை எண்ணியதில்லை. கண்ணகி கதையிலும் அப்படித்தான். மதுரைக்குப் போகலாம் என்று முடிவெடுத்தது அவன், கூடவே எழுந்தது அவள். தூரம் கேட்டால் ஆறைந்து.

குன்னம் போய்ச் சேர மத்தியானம் மூணு மணி. தங்க லாட்ஜ் கிடையாது, பஸ் பிடித்துப் பெரம்பலூர் திரும்பி, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் குன்னம் வந்து அங்கிருந்து நடையைத் தொடர்ந்தோம். (நடைச் சட்டப்படி இது தப்பில்லை. விட்ட இடத்தில் தொட்டால் போதும்.) ஊரில் உ.வே.சா. பற்றிக் கேட்டால் ஒருத்தர் ரெண்டு பேருக்குத் தெரிந்தது. டைனோசர் முட்டை பற்றிக் கேட்டால் எல்லாருக்கும் தெரிந்தது! 2020 அக்டோபரில் இங்கே குளம் தூர்வாரும்போது உருண்டை உருண்டையாகக் கல் கிளம்பி, டைனோசர் முட்டை என்று சேதி பரவி, ஊரே திரண்டது. நிபுணர்கள் வந்து பார்த்து, முட்டை இல்லை, அம்மோனைட் என்ற கடல் பிராணியைச் சுற்றிப் படிவு இறுகி உருண்ட கல் என்று சொல்லிவிட்டார்கள்.

முட்டை போனால் போகட்டும், கடல் நிஜம். கிரெட்டேசியஸ் காலத்தில் இந்தப் பூமியெல்லாம் கடலடி. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாய்ப் போன மரம் கிடக்கிறது, 1940-ல் எம்.எஸ்.கிருஷ்ணன் வெளியுலகுக்குச் சொன்னது. அதற்கெல்லாம் நூறு வருஷம் முன்னாடியே கேய், கன்லிஃப் என்ற ரெண்டு ஆங்கிலேயர்கள் இந்தப் பக்கத்துச் சிப்பிக் கற்களைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் 1846-ல் அதைப் பற்றி எழுதினார். பிறகு பிளான்ஃபோர்ட் என்பவர் பாறை அடுக்குகளை அளந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பேர் வைத்தார். உலகத்தில் எந்த மூலையில் புவியியல் படிப்பவனுக்கும் அரியலூர் தெரியும்; சென்னையில் பாதிப்பேருக்கு மாவட்டம் எங்கே என்று தெரியாது. இந்த கேய், கன்லிஃப் ரெண்டு பேருக்கும் இது உத்தியோகம் கிடையாது. கம்பெனி அதிகாரிகள், ஆசைக்குப் பொறுக்கியவர்கள். அதாவது, 'சும்மா' கேஸ். கிடைச்சாச்சு ரெண்டு பேர் :-) என்ன, அவர்கள் ஓய்வாகக் கல் பொறுக்கிய காலத்தில் சிப்பிக் கல்லுக்கு மேலேயே குடியிருந்தவர்களுக்கு ஓய்வு கிடையாது.

மூணாம் நாள் தங்கமணி முன்னால், நான் பின்னால். இதற்காக ஒப்பந்தம் ஒண்ணும் போடவில்லை. காலையில் பையை மாட்டிக்கொண்டு அவள் கிளம்பினாள், நான் பேசாமல் பின்னால் போனேன். அவள் நடை என்னுடையது மாதிரி இல்லை. ஒரு கிணத்தடியில் துணி துவைக்கிறவங்களோடு கால் மணி பேச்சு. பருத்தி எடுக்கும் பெண்களிடம் கூலி எவ்வளவு என்று விசாரணை. "எங்கிருந்து வர்றீங்க, யாரு நீங்க" என்று கேட்டவர்களிடம் எனக்கு வரும் எரிச்சல் அவளுக்கு வரவில்லை. சிலப்பதிகாரத்தில் இப்படித்தான், அரங்கத்தைத் தாண்டி ஒரு சோலையில் வழிப்போக்கர் ரெண்டு பேர் வந்து, "யார் இவங்க ரெண்டு பேரும்?" என்று கேட்கிறார்கள். கூட வரும் சமணத் துறவி கவுந்தியடிகள் "என் பிள்ளைகள்" என்கிறார். "ஒரு வயித்துப் பிள்ளைகள் புருஷன் பெண்டாட்டியா இருப்பாங்களா" என்று அவர்கள் நக்கலடிக்க, சாபம் விழுந்து நரியாகிப் போகிறார்கள். வயலில் நண்டு, நத்தையை மிதித்துவிடாமல் நடங்கள் என்று கிளம்பும்போது சொன்னவர், மனுஷரை நரியாக்கிவிட்டார். பரிந்து பேசி, சாபத்துக்கு ஒரு வருஷக் கெடு வாங்கிக் கொடுப்பது கோவலனும் கண்ணகியும். எங்களோடு கவுந்தியடிகள் வராதது அரியலூர் ரோட்டில் கேள்வி கேட்டவர்களின் அதிர்ஷ்டம்.

சாயங்காலம் அரியலூர். கடைசி மூணு கிலோமீட்டரில் சிமெண்ட் லாரிப் புழுதி, ரெண்டு பேருக்கும் தலை நரைத்தே விட்டது. நேராக ரயில் ஸ்டேஷன், ராத்திரி வண்டிக்கு நேரமிருந்தது.

இந்த ஸ்டேஷனுக்கு என் அப்பாயி வரவே மாட்டார். 1956 நவம்பர் 23 விடிகாலையில், மருதையாற்று வெள்ளத்தில் பாலம் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் விழுந்தது. 140 பேருக்கு மேல் செத்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை ராஜினாமா செய்தது இதற்காகத்தான். (2001-ல் பிறந்து, 2002-ல் பெரம்பலூரோடு திரும்பச் சேர்க்கப்பட்டு, மறுபடி அரியலூர் தனி மாவட்டமானது 2007-ல், அதுவும் ஒரு நவம்பர் 23.) அதற்கப்புறம் தாத்தா ரயிலில் போவார், அப்பாயி ஏற மாட்டார். கல்யாணம், சாவு எதுக்கானாலும் நடை, இல்லாட்டி வண்டி. தாத்தா போய் இறங்கி, சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகு அப்பாயி வந்து சேர்வாராம். வீட்டில் இதை ஜோக்காகச் சொல்லிச் சிரிப்போம். பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து இதைத் தங்கமணியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "தனியா நடந்தாங்களா? எத்தனை மணி நேரம்?" என்று கேட்டாள். அதை நாங்கள் யாரும் அப்பாயியிடம் கேட்டதே இல்லை.

அப்புறம் ஷூவைக் கழட்டிக் காலைப் பார்த்தாள். இடது குதிகாலில் கொப்புளம், நேத்தே வந்திருக்கிறது, சொல்லவில்லை. எனக்குக் குறுந்தொகைப் பாட்டு ஒண்ணு ஞாபகம் வந்தது. வீட்டை விட்டுக் கிளம்பி வேகாத வெயிலில் நடக்கும் ஒரு ஜோடி. எதிரே வருகிற வழிப்போக்கர்கள் பார்ப்பது கால்களைத்தான். அவன் காலில் கழல், அவள் காலில் இன்னும் சிலம்பு. அப்படியானால் கல்யாணம் ஆகவில்லை, ஐயோ யாரோ பாவம் என்கிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது ஐங்குறுநூற்றில் வருவது. உடன்போக்கு போகிற பெண், எதிரே தன் ஊர்ப் பக்கம் போகும் அந்தணர்களை நிறுத்தி, என் அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள் என்று அவளே சேதி சொல்லி அனுப்புகிறாள். நடக்கிறவளே வாய் திறந்து பேசும் இடம்.

சிலப்பதிகாரத்தை 1892-லும், ஐங்குறுநூற்றை 1903-லும், குறுந்தொகையை உரையோடு 1937-லும் பதிப்பித்தது யார் என்று உங்களுக்குத் தெரியும். செங்குணத்திலும் குன்னத்திலும் அப்பா அம்மா பின்னால் நடந்த அதே பையன். ஓலைச்சுவடிக்காக அதற்கப்புறம் அவர் அலைந்த ஊர்களின் கணக்கு தனி. ஊர் ஊராகப் போய்க் கேட்டால் கிடைக்கும் என்பதை அவர் எங்கே கற்றுக்கொண்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுப்பை எடுத்து வைத்து எடுத்து வைத்து அதைக் கற்றுக் கொடுத்தது யார் என்பதில் தங்கமணிக்குச் சந்தேகமில்லை.

ரயில் வர இன்னும் அரைமணி. கொப்புளத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே கேட்டாள்.

"அடுத்த தடவை இங்கேர்ந்து உடையார்பாளையம், ஜெயங்கொண்டம், கங்கைகொண்டசோழபுரம்னு சொன்னீங்களே. எவ்வளவு தூரம்?"

"நாப்பத்தஞ்சு கிலோமீட்டர்."

"சரி. அறுபதுன்னு வச்சுக்கறேன்."